மழை விட்டபின் சாகும் மீன்கள்: முற்றத்துத் தொட்டியில் நடப்பது என்ன?

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டிய மழையைத் தாங்கிய மீன்கள், வானம் வெளித்து வெயில் ஏறிய தை மாதத்தில் ஏன் செத்து மிதக்கின்றன? யாழ்ப்பாணத்தில் முற்றத்திலோ கிணற்றடியிலோ சீமெந்துத் தொட்டி கட்டித் தங்கமீனும் கோய் கெண்டையும் வளர்க்கிறவர்களை ஆண்டுதோறும் திகைக்க வைக்கும் கேள்வி இது. விடை தேடி இணையத்தைத் திறந்தால் திகைப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. தண்ணீர் 10 பாகைக்குக் கீழே இறங்கினால் தீனியை நிறுத்த வேண்டும், பனிக்கட்டி மூடாமல் ஓரிடம் திறந்திருக்க வேண்டும், வசந்தம் வந்ததும் குளத்தை இறைத்துக் கழுவிவிட்டு இலகுவான தீனியோடு தொடங்க வேண்டும் என்றெல்லாம் அங்கே எழுதியிருக்கிறது. ரொறன்ரோவில் குளம் வைத்திருக்கும் மைத்துனரும் அதையேதான் வட்ஸ்அப்பில் சொல்கிறார். அவருக்கு அது பொருந்தும். கோண்டாவிலில் இருப்பவருக்கு அதில் பாதி தேவையில்லாதது. மீதி, காரணம் புரியாமல் செய்தால் கேடு.

இங்கே மீனைக் கொல்வது பெரும்பாலும் குளிர் அல்ல. மழை தொட்டி நீரின் இயல்பை ஓசையில்லாமல் மாற்றிவிட்டுப் போகிறது. வெயில் திரும்பியதும் அந்த மாற்றம் வெளிப்படுகிறது. அதே வேளையில் நாமும் அவசரப்பட்டுத் தொட்டியைக் கழுவி, தண்ணீரை மாற்றி, தீனியைக் கூட்டுகிறோம். மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்துகொள்கின்றன.

குளிர்நாட்டுக் குளத்தில் நடப்பது

மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே பேணிக்கொள்ளும் உயிரினம் அல்ல. தண்ணீரின் வெப்பநிலைதான் அதன் உடலின் வெப்பநிலை. வெப்பம் 10 பாகை செல்சியஸ் குறைந்தால் உடலின் இயக்கம் ஏறக்குறையப் பாதியாகும். கனடாவின் மாரியில் குளத்தின் மேற்பரப்பு உறைந்தாலும் அடித்தளம் 4 பாகை அளவில் நிற்கும். தண்ணீர் அந்த வெப்பநிலையில்தான் மிக அடர்த்தியானது என்பதால் அது கீழே தங்க, பனிக்கட்டி மேலே மிதக்கிறது. கீழே தங்கமீன் அசைவின்றிக் கிடக்கிறது. அதன் குடல் வேலை செய்வதில்லை. போட்ட தீனி உள்ளேயே அழுகும். தீனியை நிறுத்தச் சொல்வது அதனால்தான். பனிக்கட்டி முழுவதும் மூடினால் அடியில் அழுகும் இலைகளிலிருந்து எழும் வாயுக்கள் வெளியேற வழியில்லை. துளை விடச் சொல்வது அதனால்.

அங்கே உண்மையான ஆபத்து வசந்தத்தில்தான் வருகிறது. தண்ணீர் மெல்லச் சூடேறும்போது ஒட்டுண்ணிகளும் பற்றீரியாக்களும் முதலில் விழித்துக்கொள்கின்றன. மீனின் நோயெதிர்ப்பு பிந்தித்தான் விழிக்கிறது. வடிகட்டியில் வாழும் நன்மை செய்யும் பற்றீரியாக்களும் அதைப்போலவே பிந்துகின்றன. ஆபத்து கடுங்காலத்தில் இல்லை, அது விலகும் வேளையில் இருக்கிறது என்ற இந்த ஒரு செய்தி மட்டும் யாழ்ப்பாணத்துக்கும் பொருந்தும். காரணங்கள் வேறு.

இங்கே குளிர் எவ்வளவு?

யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை விடியலில் காற்று 20 பாகையை ஒட்டி இறங்குவது உண்டு. மண்ணில் இறங்கிய சீமெந்துத் தொட்டியின் நீர் அதைவிடச் சற்றுச் சூடாகவே இருக்கும். தங்கமீனுக்கும் கெண்டைக்கும் அது சுகமான வெப்பநிலை. கப்பி, மொலி போன்ற வெப்பநாட்டு மீன்கள் சற்றுச் சோர்ந்து அடியில் ஒதுங்கலாம், அவ்வளவுதான்.

விதிவிலக்கான ஆண்டுகளும் உண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. நனைந்த உடலில் காற்று பட்டால் வெப்பம் விரைந்து வெளியேறும். மாடு அதற்குப் பலியானது. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு அந்தக் காற்று படுவதில்லை. பெரிய தொட்டி மெதுவாகத்தான் குளிரும். குளிரால் மட்டும் மீன் செத்தது என்றால் அது பெரும்பாலும் ஆழமில்லாத சிறு தொட்டியாகவோ கண்ணாடிப் பெட்டியாகவோதான் இருக்கும்.

மழை எவ்வளவு தண்ணீரை மாற்றுகிறது?

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். 48 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லீற்றர் வீதம் ஏறக்குறைய 1,360 லீற்றர் தண்ணீர். அதன் வாய் 24 சதுர அடி, அதாவது 2.2 சதுர மீற்றருக்குச் சற்றுக் கூட. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவத்தில்தான் விழுகிறது. அந்த மூன்று மாதத்தில் 700 மில்லிமீற்றர் பெய்தது என்று வைத்துக்கொண்டால், தொட்டிக்குள் நேரே விழுந்த மழைநீர் மட்டும் 1,560 லீற்றர். தொட்டியின் கொள்ளளவைவிட அதிகம்!

வழிந்தோடியது போக, பழைய தண்ணீரில் எஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கூரைப் பீலித் தண்ணீர் தொட்டிக்குள் விழும்படி அமைந்திருந்தால் அதுவும் எஞ்சாது. ஆக, தை பிறக்கும்போது தொட்டியில் இருப்பது ஆவணியில் நாம் இறைத்து நிரப்பிய கிணற்றுத் தண்ணீர் அல்ல, மழைத் தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மீனுக்கு அப்படியல்ல.

தாங்குதிறன் என்றால் என்ன?

நீரின் அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் பிஎச் என்ற எண்ணால் அளக்கிறார்கள். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நீரில் கரைந்துள்ள இருகாபனேற்று உப்புகள் இந்த எண்ணைத் தடாலென ஏறவோ இறங்கவோ விடாமல் பிடித்துவைக்கின்றன. அந்தப் பிடிப்பைத்தான் இங்கே தாங்குதிறன் என்கிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புப் பாறைமீது அமைந்தது. கேத்திலில் வெள்ளையாகப் படியும் அந்தச் சுண்ணாம்பு, மீன் தொட்டிக்குப் பெரிய பாதுகாப்பு. கிணற்றுத் தண்ணீரில் தாங்குதிறன் தாராளமாக இருப்பதால் இங்கே மீன் வளர்ப்பவர்கள் பிஎச் பற்றி எண்ணியே பார்க்காமல் ஆண்டு முழுவதும் காலம் தள்ளிவிடலாம். மழைநீரிலோ தாங்குதிறன் இல்லவே இல்லை. தூய மழைநீரின் பிஎச் 5.6 அளவில் நிற்கும்.

போதாததற்கு, எஞ்சிய தாங்குதிறனை வடிகட்டியும் தின்கிறது. மீன் தன் கழிவை அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. கடைசியானது ஓரளவு தீங்கற்றது. இந்த மாற்றத்தில் அமோனியாவிலுள்ள ஒரு கிராம் நைதரசனுக்கு ஏறக்குறைய 7 கிராம் சுண்ணாம்புக்கு ஈடான தாங்குதிறன் செலவாகிறது. அது தீர்ந்து பிஎச் 6.5க்குக் கீழே போனால் பற்றீரியாக்களின் வேலை மந்தமாகும். அமோனியா அப்படியே சேரத் தொடங்கும்.

பழைய சீமெந்துத் தொட்டிக்காரருக்கு இதில் ஒரு சிறு சலுகை உண்டு. மழைநீர் சுவரை மெல்லக் கரைத்துக் கொஞ்சம் சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். ஃபைபர் தொட்டியிலும் பொலித்தீன் விரித்த குளத்திலும் அந்தச் சலுகை இல்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டு மீன் தப்புவதற்கும் அடுத்த வீட்டு மீன் சாவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

வெயில் வந்ததும் நஞ்சாவது எப்படி?

முழு விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நீரில் அமோனியா இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று மின்னேற்றம் பெற்ற அமோனியம்; அது செவுளைக் கடந்து உள்ளே போவது கடினம், ஆகவே தீங்கு குறைவு. மற்றது மின்னேற்றமற்ற அமோனியா; அதுதான் கொடிய நஞ்சு. எந்த வடிவம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பெரிதும் பிஎச்தான். 28 பாகை வெப்பத்தில் நிலைமை இது:

1. பிஎச் 7 என்றால், மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவம் 1 வீதத்துக்கும் குறைவு.
2. பிஎச் 8 என்றால், ஏறக்குறைய 6.5 வீதம்.
3. பிஎச் 9 என்றால், 40 வீதத்தைத் தாண்டும்.

மார்கழி முழுவதும் தொட்டி நீர் சற்று அமிலமாக இருந்தது; அமோனியா சேர்ந்துகொண்டே போனது; ஆனால் அது தீங்கற்ற வடிவில் கிடந்ததால் மீன்கள் நலமாகவே தெரிந்தன. தை மாதம் வெயில் ஏறுகிறது. மழையில் அடித்துவந்த மண்ணிலும் இலைச் சத்திலும் பாசி செழித்துத் தண்ணீர் பச்சையாகிறது. பாசி பகலில் காபனீரொட்சைட்டை உறிஞ்சும். அந்த வாயு குறையக் குறையப் பிஎச் ஏறும். தாங்குதிறன் உள்ள நீரில் இந்த ஏற்றம் கொஞ்சம்தான். தாங்குதிறன் தொலைந்த மழைநீரில் விடியலில் 7க்குக் கீழே இருந்த எண் பிற்பகல் மூன்று மணிக்கு 9ஐத் தொடலாம். மேலுள்ள பட்டியலில் முதல் வரியிலிருந்து மூன்றாம் வரிக்கு எட்டு மணி நேரத்தில் தாவுவது அது. தண்ணீரில் புதிதாக ஒரு துளி அமோனியாவும் சேரவில்லை. இருந்ததே பல மடங்கு நஞ்சாகிவிட்டது.

சேறு நிரம்பிய தொட்டிக்குள், அடியை உறிஞ்சி எடுக்காமல், சுண்ணாம்பு மிகுந்த கிணற்றுத் தண்ணீரை மேலால் ஊற்றிப் பிஎச்சை ஏற்றினாலும் இதே விளைவுதான். நல்ல தண்ணீர் விட்டேன், மீன் செத்துவிட்டது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

இரவில் எதிர்த்திசையில் ஓர் ஆபத்து. வெளிச்சம் இல்லாதபோது பாசி ஒட்சிசனை வெளியிடுவதில்லை. மீனைப்போல அதுவும் உள்ளதை உறிஞ்சும். சூடான நீரில் ஒட்சிசன் கரைவதும் குறைவு: 20 பாகையில் ஒரு லீற்றருக்கு 9.1 மில்லிகிராம் வரை நிற்கும், 30 பாகையில் 7.5 மட்டுமே. மீனின் தேவையோ வெப்பத்தோடு கூடுகிறது. தண்ணீர் கரும்பச்சையாக இருக்கும் தொட்டியில் விடியற்காலை நான்கு, ஐந்து மணிதான் மிகவும் மோசமான நேரம்.

கிணறும் மாறியிருக்கும்

புத்தூருக்கு அருகே உள்ள நிலாவரைக் கிணற்றைப் பலரும் அறிவார்கள்: மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். குடாநாட்டு நிலத்தடி நீர் முழுவதுமே ஏறக்குறைய இந்த அமைப்புத்தான். மழை ஊறிச் சேர்ந்த நன்னீர், கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. மழைக்குப்பின் நன்னீர்ப் படலம் தடிக்கும். தீவகத்திலும் கரையோரத்திலும் ஆவணியில் சவராக இருந்த கிணறு தையில் இனிக்கும். அதோடு, தோட்டப் பசளையும் மலக்குழிக் கசிவும் மழையோடு இறங்குவதால் நைத்திரேற்று ஏறும். வலிகாமத்தின் விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைக்கு அது ஆபத்து. தங்கமீனுக்கு நேரடித் தீங்கு குறைவு. ஆனால் பாசிக்கு அது விருந்து.

வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். மார்கழி விடியலில் கிணற்றடியில் குளிப்பவர்களுக்குத் தெரியும், முதல் வாளித் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும். நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் 28 பாகையை ஒட்டியே நிற்கிறது. தொட்டி அப்போது 23 பாகையில் இருக்கக்கூடும். மோட்டாரைப் போட்டு அரை மணி நேரத்தில் தொட்டியை நிரப்பினால் மீனுக்கு ஒரே மூச்சில் 5 பாகை ஏற்றம். கிணற்று நீரில் ஒட்சிசன் குறைவு, கரைந்த காபனீரொட்சைட்டு அதிகம் என்பதும் உண்டு. குழாயை நீருக்குள் அமிழ்த்தாமல், உயரத்திலிருந்து சிதறி விழ விடுங்கள்.

குளோரீனும் புகையும்

மழை வெள்ளத்துக்குப் பின் சுகாதாரப் பிரிவினர் கிணறுகளுக்குக் குளோரீன் இடுவார்கள். மனிதருக்கு அது அவசியம். மீனுக்கு லீற்றருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கும் செவுளை எரிக்கப் போதும். குளோரீன் இட்ட கிணற்றிலிருந்து சில நாட்களுக்குத் தொட்டிக்குத் தண்ணீர் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் அகன்ற பாத்திரங்களில் வெயில் பட ஒன்றிரண்டு நாள் வைத்துக் கலக்கிவிட்டு ஊற்றலாம். மீன் கடைகளில் விற்கும் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல் அதை உடனே முறிக்கும்.

டெங்கு பெருகும் காலமும் இதுவே. நுளம்பை ஒழிக்கத் தெருவில் அடிக்கும் புகையில் பைரெத்திரொயிட் வகை மருந்து இருக்கும். அது பாலூட்டிகளுக்குத் தீங்கு குறைந்தது. மீனுக்கு மிகக் கொடியது. புகை அடிக்கும் வண்டியின் சத்தம் கேட்டதும் தொட்டியைப் பொலித்தீனால் மூடி, காற்றுப் பம்பியை நிறுத்துங்கள்; இல்லாவிட்டால் அது புகையை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் ஊதிவிடும். புகை அடங்கியதும் திறந்து பம்பியை மீண்டும் போடுங்கள். நுளம்புப் புழு இருக்கிறதா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தொட்டியைப் பார்க்க வந்தால் மறைக்க வேண்டியதில்லை. மீன் உள்ள தொட்டியில் கூத்தம்புழு தங்காது. ஆபத்து தொட்டிக்கு அருகே கவிழ்க்காமல் வைத்த வாளியில்தான்.

அறிகுறியும் நேரமும்

மீன் நீர்மட்டத்தில் வாய் பிளந்து மூச்சு வாங்குகிறது என்றால் ஒட்சிசன் போதவில்லை என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எந்த நேரத்தில் என்பதையும் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

1. விடியலில் மட்டும், ஒன்பது மணிக்குப் பின் சரியாகிவிடுகிறது. இது உண்மையான ஒட்சிசன் குறைவு. இந்நிலையில் பெரிய மீன்களே முதலில் சாகும்.
2. பிற்பகலில், தண்ணீர் பச்சையாக இருக்கும்போது. பிஎச் ஏற்றமும் அமோனியாவும்.
3. நாள் முழுவதும், நீர் தெளிவாகவே இருக்கும்போது. நைத்திரைற்றாக இருக்கலாம், அது இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க விடாது. இறந்த மீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள்: சிவப்புக்குப் பதில் கபில நிறமாக இருந்தால் ஐயம் வலுக்கும்.
4. மூச்சு வாங்குவதோடு சுவரில் உடலை உரசுகிறது. ஒட்டுண்ணி.
5. சிறிதும் பெரிதுமாக எல்லாம் ஒரே இரவில். நஞ்சு. தோட்டத்து மருந்தா, புகையா, குளோரீனா என்று தேடுங்கள்.

மழை விட்ட முதல் இரு வாரம்: வரிசை முக்கியம்

தொட்டியை முழுவதும் இறைத்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிப் பொங்கலுக்குப் புதுத் தண்ணீர் நிரப்பும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கண்ணுக்கு அழகு, மீனுக்கு இதைவிடப் பெரிய கேடு கிடையாது. சுவரிலும் வடிகட்டிப் பஞ்சிலும் வழவழப்பாகப் படிந்திருப்பது அழுக்கல்ல, அமோனியாவை மாற்றும் பற்றீரியா. அதைத் தேய்த்தெடுத்தபின் அது மீண்டும் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

1. முதலில் அடிச்சேறு. குழாயால் அடியை மட்டும் உறிஞ்சி எடுங்கள். கிளறாதீர்கள்; கிளறினால் புதைந்து கிடந்த வாயுக்கள் நீருக்குள் கலக்கும். வேம்பு, மா இலைகளை வலையால் மெதுவாக அள்ளுங்கள்.

2. அளந்து பாருங்கள். அமோனியா, நைத்திரைற்று, பிஎச் மூன்றையும் காட்டும் சோதனைப் பெட்டி ஒன்றின் விலை, இரண்டு நல்ல கோய் மீனின் விலையைத் தாண்டாது. பிஎச் விடியலிலும் பிற்பகலிலும் இரண்டு முறை பாருங்கள். வித்தியாசம் ஒன்றைத் தாண்டினால் தாங்குதிறன் போய்விட்டது என்று கொள்ளலாம்.

3. அதைத் திருப்பிக் கொடுங்கள். அப்பச்சோடா போதும். 1,000 லீற்றருக்கு 80 கிராம் அளவு போட்டால் ஒரு லீற்றரில் 50 மில்லிகிராம் சுண்ணாம்புக்கு ஈடான தாங்குதிறன் கூடும். அமோனியா இருக்கிறதா என்று பார்த்து, அடிச்சேற்றை எடுத்த பின்னரே இதைச் செய்ய வேண்டும். ஒரே நாளில் கொட்டாமல் மூன்று, நான்கு நாளாகப் பிரித்து, வாளியில் கரைத்து, காலையில் ஊற்றுங்கள். சிப்பி ஓடுகளையோ சுண்ணாம்புக் கல் துண்டுகளையோ வலைப்பையில் கட்டித் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டால் அது மெதுவாகத் தொடர்ந்து வேலை செய்யும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு மட்டும் கூடவே கூடாது. பிஎச் ஒரேயடியாக ஏறிவிடும்.

4. தண்ணீரைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். இரண்டு நாளுக்கொரு முறை பத்தில் ஒரு பங்கு. தொட்டி நீர் சற்றுச் சூடேறிய முற்பகல் நல்ல நேரம்; கிணற்று நீருக்கும் தொட்டிக்கும் வெப்ப வித்தியாசம் அப்போது குறைவு.

5. நைத்திரைற்று தெரிந்தால் உப்பு. லீற்றருக்கு ஒரு கிராம். உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்று செவுள் வழியே புகுவதைத் தடுக்கும். ஆனையிறவுக் கல்லுப்புத் தாராளமாகப் போதும். முன்பு சொன்ன தொட்டிக்கு 1.4 கிலோ வரை வரும். உப்பு ஆவியாகாது, எடுத்த தண்ணீரின் அளவுக்கு மட்டுமே மீண்டும் சேர்க்க வேண்டும். தாமரை, அல்லி இருந்தால் இந்த அளவுக்கு மேல் போகாதீர்கள்.

6. வடிகட்டியைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். புயலில் மின்சாரம் பல மணி நேரம் போயிருந்தால் வடிகட்டிக்குள் ஒட்சிசன் இன்றிப் பற்றீரியா செத்து நாறிக் கிடக்கும். மின்சாரம் வந்ததும் பம்பியைப் போட்டால் அந்த நாற்றம் முழுவதும் தொட்டிக்குள் பாயும். முதலில் கழற்றி, உள்ளே நின்ற தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுப் பூட்டுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவதும் காற்றூட்டம்தான்.

7. தீனி கடைசியில். அமோனியா இல்லை என்று தெரியும்வரை நாளுக்கு ஒரு முறை, முற்பகலில், மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மப்பு நாளில் அதிலும் பாதி. பாணும் சோறும் வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் பட்டினி கிடந்தால் தங்கமீன் சாகாது. மிஞ்சிய பாண் துண்டு ஒரே இரவில் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

நோய்

மருந்து கடைசிப் படி. தண்ணீரைச் சரி செய்யாமல் மருந்து ஊற்றினால் அது வடிகட்டிப் பற்றீரியாவையும் கொன்று நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

மழைக்காலக் குளிரை ஒட்டி அடிக்கடி வருவது வெண்புள்ளி நோய். உடலில் உப்புத் தூவியதுபோல் தெரியும். மீனின் தோலுக்குள் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது; அது வெளியேறி நீந்தும் கட்டத்தில்தான் சாகும். குளிர்நாட்டில் அந்தச் சுழற்சி முடிய வாரக்கணக்கில் ஆகும். 25 பாகைக்கு மேல் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். இதனால் இங்கே நோய் பரவுவதும் வேகம், மருந்து பலிப்பதும் வேகம். புள்ளி மறைந்ததும் நிறுத்தாமல் மேலும் சில நாள் தொடர வேண்டும்.

உடலில் சிவந்த ஆழமான புண்கள் தெரிந்தால் வேறு கதை. 1980களின் இறுதியில் இலங்கையின் நன்னீர் நிலைகளில் விராலையும் சிறு மீன்களையும் தாக்கிப் பரவிய புண் நோய்க்குக் காரணம் நீரில் வாழும் ஒருவகைப் பூஞ்சண உயிரி. கனத்த மழைக்குப் பின், தண்ணீர் சற்றுக் குளிர்ந்து தாங்குதிறன் குறைந்திருக்கும் வேளையில்தான் அது தலைதூக்கும். கெண்டையும் திலாப்பியாவும் அதை நன்கு எதிர்க்கும். தங்கமீன் அவ்வளவு உறுதியில்லை. வெள்ளத்தில் வயலிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ வந்து சேர்ந்த விரால் குஞ்சைப் பரிவோடு தொட்டியில் விட்டுவைப்பதில் உள்ள ஆபத்து இதுதான். கோய் மீனில் புண் கண்டால் பெரும்பாலும் பற்றீரியாதான் காரணம். அந்த மீனைத் தனியே ஒரு பாத்திரத்தில் லீற்றருக்கு 3 கிராம் உப்புடன் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்த மழைக்குமுன்

தொட்டியின் விளிம்பு முற்றத்தைவிட ஓர் அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். முற்றத்து வெள்ளம் உள்ளே வரும் தொட்டியில் மேலே சொன்ன எதுவும் முழுப் பலன் தராது. கூரைப் பீலியைத் திருப்பிவிடுங்கள். விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே வழிந்தோடும் குழாய் ஒன்று வைத்து, அதன் வாயில் வலை கட்டுங்கள். அந்தக் குழாயின் உள்முனையை முழங்கை வளைவோடு தொட்டியின் அடிவரை இறக்கினால், மேலே விழும் மழைநீருக்குப் பதிலாக அடியிலுள்ள பழைய அழுக்கு நீரே வெளியேறும். செலவு சிறிது. பயன் மூன்று மாதத்துக்கு.

வலை மீனுக்காக மட்டும் அல்ல. தொட்டி துப்புரவுக்கென்று வாங்கும் உறிஞ்சிமீனும் திலாப்பியாவும் வழிந்தோடி வாய்க்காலையும் குளத்தையும் அடைந்தால் அங்கே பெருகி நாட்டு மீன்களை ஒடுக்கும். வளர்ந்துவிட்டது, வைத்திருக்க இடமில்லை என்று குளத்தில் கொண்டுபோய் விடுவதும் அதே தவறு. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். மிஞ்சிய கப்பிக் குஞ்சுகளுக்கு மட்டும் வேறு தேவை ஒன்று இருக்கிறது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெஃபன்சி நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டு, பின்னர் யாழ்ப்பாணத்திலும் தென்பட்டது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் முட்டையிடும் அந்த நுளம்பின் புழுக்களை ஒழிக்கச் சுகாதாரப் பிரிவினர் கிணறுகளில் மீன் விட்டு வருகிறார்கள். பாவனையில் இல்லாத, வாய்க்காலோடு தொடர்பற்ற கட்டுக்கிணறு அயலில் இருந்தால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுவிட்டு அதற்குள் விடலாம்.